அறுபது நிமிஷ இளவரசன்

தில்லித் தமிழர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கரோல்பாக் மெஸ், மலை மந்திர், ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கம், டி.டி.இ.ஏ. பள்ளிக்கூடங்கள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, செக்ரட்டேரியட் ஃபைல்களில் போய் நிற்பார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த ஃபைல்கள் கம்ப்யூட்டருக்குள் போக ஆரம்பித்த காலத்தில், அதே கம்ப்யூட்டருக்குள் வெள்ளை பைஜாமா போட்ட ஒரு சின்ன மனிதனும் ஓடிக்கொண்டிருந்தான். ஓடுவான், தாவுவான், விளிம்பைப் பிடித்துத் தொங்குவான், கால் தவறி முள்ளில் விழுந்து சாவான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. தமிழில் சொன்னால் பாரசீக இளவரசன்.

கொசுவத்தி சுத்துகிற பதிவு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த ஆட்டம் கஷ்டமாக இருந்ததா, அநியாயமாக இருந்ததா என்று அன்றைக்கு ஆபீஸ் கேன்டீனிலிருந்து குவார்ட்டர்ஸ் மொட்டை மாடி வரை ஒரு பட்டிமன்றமே நடந்தது. அந்தப் பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை என்பது என் கட்சி. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அதில் கொஞ்சம் சரக்கும் இருக்கிறது.

முதலில் கம்ப்யூட்டர் வந்த கதை

1976-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் தில்லியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, அரசாங்கத்துக்கான கம்ப்யூட்டர் வேலைகளுக்காக என்.ஐ.சி. என்ற தேசிய தகவலியல் மையம் உருவானது. அதைக் கட்டி எழுப்பியவர் என்.சேஷகிரி. இன்னொன்று, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் படித்தவர், தில்லிக்கு வேலைக்கு வந்து டி.சி.எம்.மில் இருந்த ஷிவ் நாடார், நண்பர்களோடு வெளியே வந்து ஹெச்.சி.எல். கம்பெனியைத் தொடங்கினார். நம்மைப் போலப் பெட்டி தூக்கிக்கொண்டு வடக்கே வந்த ஒருத்தர்தான் இந்த ஊரில் கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தார் என்பதில் எனக்கு எப்போதுமே ஒரு அல்ப சந்தோஷம் :-)

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்தது. இறக்குமதிக் கெடுபிடி தளர்ந்தது. அதே காலத்தில் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர்கள் போயின. 1980-களின் கடைசியில் என்.ஐ.சி.யின் நிக்நெட் வலை மாவட்டத் தலைநகரங்கள் வரை நீண்டது. தில்லியில் நேரு பிளேஸ், தட்டச்சு மிஷின் ரிப்பனிலிருந்து மதர்போர்டுக்கு மாறியது.

நான் 1991-ல் தில்லிக்கு வந்தபோது எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் பெயரே 'ஏ.சி. ரூம்'. செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். மனிதர்களுக்கு ஜூன் மாதத்திலும் ஃபேன்தான், மிஷினுக்கு ஏ.சி. கம்ப்யூட்டர் மேல் ஒரு தைத்த உறை, அதற்கு மேல் யாரோ வைத்த குங்குமம். ஒரு பி.சி.யின் விலை பல மாதச் சம்பளம் என்பதால் வீட்டில் வாங்குவது பற்றிப் பேச்சே கிடையாது. ஆகவே ஆட்டம் ஆட வேண்டுமென்றால் ஆபீஸ், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லேப். மாலை ஐந்தரைக்கு மேல் ஆணி பிடுங்கி முடிந்தபின், பெரிய சார் கார் கேட்டைத் தாண்டியதும், யாரோ ஒருவர் பையிலிருந்து ஃப்ளாப்பி வெளியே வரும்.

அந்த ஃப்ளாப்பிகளில் என்னென்ன இருக்கும் என்பது 90-களில் இந்தியாவில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். டேஞ்சரஸ் டேவ், டிக்டக், பேக்மேன், டெட்ரிஸ், அப்புறம் பிரின்ஸ். இதில் டேவும் பிரின்ஸும்தான் தாவி ஏறும் ஆட்டங்கள். டேவை ஜான் ரோமேரோ 1988-ல் எழுதினார், மரியோவைப் பார்த்து. பத்து லெவல், கையில் எண்ணி நாலு உயிர், முடிந்தது. பிரின்ஸ் வேறு ஜாதி.

தம்பியை ஓடவிட்டு எடுத்த படம்

பிரின்ஸை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1984-ல், 'கராத்தேகா' என்ற ஆட்டத்தை எழுதி விற்றவர். அடுத்த ஆட்டத்துக்கு அவர் செய்த காரியம்தான் விசேஷம். 1985-ல் நியூயார்க் அருகே ஒரு கார் நிறுத்துமிடத்தில், பள்ளி வயதுத் தம்பி டேவிட்டுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட் மாட்டிவிட்டு, ஓடு, தாவு, சுவர் ஏறு என்று வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு அசைவையும் போட்டோ பிடித்து, உருவத்தின் ஓரங்களை மார்க்கரால் வரைந்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். திரையில் நாம் பார்த்த அந்த இழுத்து மூச்சு விடுகிற ஓட்டம், நிற்கும்போது கால் கொஞ்சம் சறுக்குவது, எல்லாம் ஒரு நிஜப் பையனுடையது.

வாள் சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' ஹாலிவுட் படத்தின் கடைசிச் சண்டையிலிருந்து அசைவுகளை எடுத்தார். எர்ரல் ஃபிளின் ஒரு பக்கம், பேசில் ராத்போன் இன்னொரு பக்கம். இசையை எழுதியவர் மெக்னரின் அப்பா ஃபிரான்சிஸ். முழுக்க வீட்டுத் தயாரிப்பு. கதையும் சூழலும் ஆயிரத்தொரு இரவுகளிலிருந்தும், 1940-ல் வந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்திலிருந்தும் வந்தவை. அந்தப் படத்தில் திருட்டுப் பையனாக நடித்த சாபு நம்ம மைசூர்ச் சீமையின் யானைப்பாகன் மகன். வில்லன் பெயர் ஜாஃபர். ஆட்டத்திலும் வில்லன் ஜாஃபர்தான்.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் வேறு ஒரு பல்பு எரியும். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'பாக்தாத் திருடன்'! எங்கள் ஆபீஸில் ஒரு கும்பகோணத்துக்காரர் திரையில் வாள் மோதுவதை முதல் தடவை பார்த்துவிட்டு, "இது எம்.ஜி.ஆர்.-நம்பியார் சண்டைய்யா, ரெண்டு அடி முன்னால, ரெண்டு அடி பின்னால" என்றார். பொருத்தமான பார்வைதான். சென்னை ஸ்டுடியோக்களும் மெக்னரும் கடன் வாங்கிய கடை ஒன்றே: பழைய ஹாலிவுட் கத்திச் சண்டைப் படங்கள்.

1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு பிராடர்பண்ட் கம்பெனி இதை வெளியிட்டது. அமெரிக்காவில் முதலில் விற்கவே இல்லை. ஆப்பிள் 2-வின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1990-ல் டாஸ் பதிப்பு வந்தது. ஜப்பான், ஐரோப்பா என்று சுற்றி, பிறகுதான் உலகப் புகழ். டாஸ் பதிப்பு வந்த கொஞ்ச காலத்திலேயே அது நேரு பிளேஸ் வழியாக நம் ஏ.சி. ரூமுக்குள் வந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். கேட்கத்தான் போகிறீர்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கே கஷ்டம்?

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசியிடம், ஒரு மணி நேரத்துக்குள் என்னைக் கல்யாணம் செய்துகொள், இல்லாவிட்டால் சாவு என்கிறான். அவள் காதலன் பாதாளச் சிறையில். 12 லெவல் தாண்டி மேலே வர வேண்டும். கையில் 60 நிமிஷம். விளையாட்டுக் கணக்கில் இல்லை, சுவர்க் கடிகாரக் கணக்கில் 60 நிமிஷம்.

இந்த ஆட்டத்தில் உயிருக்கு எண்ணிக்கை கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம். செத்தால் அந்த லெவலின் ஆரம்பத்தில் எழுந்திருப்பான். ஆனால் போன நிமிஷம் திரும்பி வராது. மரியோவில் உயிர் தீர்ந்தால் ஆட்டம் முடியும். இங்கே நேரம் தீர்ந்தால்தான் முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் தாராளம், உள்ளே பார்த்தால் கஞ்சத்தனம்.

அடுத்தது உடம்பு. மரியோவைக் காற்றில் இருக்கும்போதே இடம் வலம் திருப்பலாம். அந்த மரியோவை 'சாமுராய்' பெட்டியிலும், மீடியா கம்பெனியின் 'லிட்டில் மாஸ்டர்' பெட்டியிலும், பாலிகா பஜாரில் கேட்ரிட்ஜ் வாங்கி ஆடிப் பழகிய பிள்ளைகள் பிரின்ஸைத் தொட்டதும் முதல் குழியிலேயே விழுந்தார்கள். ஏனென்றால் இளவரசனுக்கு உடல் எடை உண்டு. ஓடி நிற்க இரண்டு அடி ஆகும். தாவிவிட்டால் தாவினதுதான், நடுவழியில் மனசு மாற முடியாது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு அடியாக, விளிம்பு வரை பத்திரமாக நடப்பான். தாவும்போது அழுத்திப் பிடித்தால் விளிம்பைப் பற்றித் தொங்குவான். இந்த ஒரு கீ தெரியாதவனுக்கு ஆட்டம் நரகம். தெரிந்தவனுக்கு சதுரங்கம். சதுரங்கம் என்று சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு திரையும் குறுக்கே 10 கட்டம், மேலே கீழே 3 வரிசை. ஓட்டமும் தாவலும் கட்டக் கணக்கில்தான். கண்ணால் எண்ணிவிட்டுத் தாவலாம்.

பட்டிமன்றம்

ஆபீஸில் மூன்று கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி, அநியாயம் என்றது. இதில் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். மேலே சொன்ன கும்பகோணத்துக்காரர்தான் தலைவர். "ஒன்பதாவது லெவல்ல வந்து, முள்ளுல விழுந்து, திரும்ப மொதல்லேர்ந்து நடக்கணுமாம். கவர்மென்ட் ஆபீஸ்லகூட ஃபைலை ஒரு மேஜை பின்னாடிதான்யா அனுப்புவான்" என்பார். அவருக்கு ஆத்திரம் சாவில் இல்லை, கடிகாரத்தில். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை திரைக்கு அடியில் இத்தனை நிமிஷம் பாக்கி என்று வரும் பாருங்கள், அதைப் பார்த்தால் ரிட்டையர்மென்ட் ஞாபகம் வருகிறது என்பார்.

இரண்டாவது கட்சி, இந்தக் கஷ்டம்தான் ருசி என்றது. இது பிள்ளைகள் கட்சி. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எனக்குத் தெரிந்த பையன்கள் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு லெவலுக்கும் வரைபடம் வரைந்து வைத்திருந்தார்கள். எந்தக் கல் ஆடும், எந்தப் பலகையை மிதித்தால் எந்தக் கதவு திறக்கும், மூன்றாவது லெவலில் கதவு மூடுவதற்குள் ஓடிப்போக எங்கிருந்து ஓட ஆரம்பிக்க வேண்டும், எல்லாம் பென்சிலில். கணக்குப் பாடத்தில் அந்த சிரத்தையைக் காட்டியிருந்தால் ஐ.ஐ.டி.தான் என்று அம்மாக்கள் புலம்பியது வேறு விஷயம். அந்தப் பையன்களில் ஒருவன் என்னிடம் சொன்னது: "அங்கிள், இதுல லக் கிடையாது. செத்தா என் தப்புதான்." பன்னிரண்டு வயசுப் பையன். பிற்பாடு எத்தனையோ பேர் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடைக்கவில்லை.

மூன்றாவது கட்சி மெகாஹிட் கட்சி. டாஸில் 'பிரின்ஸ்' என்று தட்டுவதற்குப் பதில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டினால் போதும். அடுத்த லெவலுக்குத் தாவலாம், உயிர் ஏற்றலாம், நேரத்தைக்கூடக் கூட்டலாம். அடுத்து வந்த பதிப்புகளில் அந்தச் சொல்லை 'இம்ப்ரூவ்ட்' என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் பஞ்சாபி நண்பர் ஒருவர் இந்தக் கட்சி. இளவரசியைப் பார்க்கத்தானே போகிறோம், ஆட்டோவில் போனால் என்ன, நடந்து போனால் என்ன என்பது அவர் வாதம். பிள்ளைகள் அவரைத் துரோகி மாதிரி பார்ப்பார்கள்.

நாலாவதாக, ஆடாமல் பார்த்தவர்கள். இவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விடுமுறை நாளில் பிள்ளையை அழைத்துப் போக வந்த அம்மாக்கள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மரியோ செத்தால் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கீழே போவார், சிரிப்பு வரும். இங்கே ஒரு நிஜப் பையனின் உடம்பு முள்ளில் கிடக்கும், இரண்டு தாடைக் கத்திக்கு நடுவில் துண்டாகும். "யாரு பெத்த பிள்ளையோ, இப்படியா விழ விடறது" என்றார் ஒரு மாமி. யார் பெற்ற பிள்ளை என்று இப்போது நமக்குத் தெரியும், மெக்னரின் தம்பி, சௌக்கியமாகத்தான் இருந்தார் :-) ஆனால் மாமி தொட்ட இடம் முக்கியம். அசைவில் உயிர் இருந்ததால்தான் சாவு உறைத்தது. சாவு உறைத்ததால்தான் ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் நாம் மூச்சைப் பிடித்தோம்.

கையேடு இல்லாத தேசம்

இப்போது அந்த ஃப்ளாப்பி எப்படி வந்தது என்ற விஷயம். இந்தியாவில் 1984-லேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்பு மாதிரி பாதுகாத்துவிட்டார்கள். 1994-ல் இன்னொரு திருத்தம், 1995 மே மாதம் அமலுக்கு வந்தது. திருட்டு நகலைத் தெரிந்தே பயன்படுத்தினாலே தண்டனை என்றது. சட்டம் அங்கே இருந்தது, ஃப்ளாப்பி இங்கே இருந்தது. அசல் பெட்டியில் இந்த ஆட்டத்தை வாங்கியவர் ஒருவரையும் நான் தில்லியில் சந்தித்ததில்லை.

நகலின் ஒழுக்கம் பற்றி நிறையப் பேர் பேசியாயிற்று. நகல் ஆட்டத்தின் கஷ்டத்தையே மாற்றிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய சரித்திரம்.

அசல் பெட்டியில் ஒரு கையேடு இருந்தது. ஷிஃப்ட் கீ எதற்கு, வாளை எப்படி உயர்த்தித் தடுப்பது, எந்தக் குப்பி மருந்து, எந்தக் குப்பி விஷம், எல்லாம் அதில். கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது லெவலிலிருந்து ஆட்டத்தைச் சேமிக்கலாம் என்பதும் அந்த மாதிரி விஷயம். நமக்கு வந்தது வெறும் ஃப்ளாப்பி. கும்பகோணத்துக்காரரின் அத்தனை ஆத்திரமும் இந்த இரண்டு கீ தெரியாததால் வந்தது! சேமிக்கத் தெரிந்திருந்தால் ஒன்பதாவது லெவலில் ஆபீஸ் பூட்டும் நேரம் வந்தாலும், கரண்ட் போனாலும், மறுநாள் அங்கிருந்தே தொடங்கியிருப்பார்.

திருட்டைத் தடுக்கவே ஒரு அறையும் வைத்திருந்தார்கள். முதல் லெவல் முடிந்ததும் ஒரு அறை நிறைய குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு எழுத்து. கையேட்டின் இந்தப் பக்கம், இந்த வரி, இந்த வார்த்தையின் முதல் எழுத்து என்று திரை கேட்கும். சரியான குப்பியைக் குடித்தால்தான் வாசல் திறக்கும். பெட்டி வாங்கியவருக்கு அரை நிமிஷ வேலை. நமக்கோ, எங்கோ யாரோ இந்தப் பூட்டை உடைத்த நகல் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் அதுவே உலகத்தின் மிகக் கடினமான லெவல். அந்த அறையையும் ஆட்டத்தின் ஒரு புதிர் என்று நம்பி, எழுத்துகளைக் கூட்டி வார்த்தை ஏதாவது வருகிறதா என்று பார்த்தவர்கள் உண்டு.

இன்னொன்று திரை. சின்னக் குப்பியில் சிவப்புக் குமிழி வந்தால் உயிர் ஏறும், நீலக் குமிழி வந்தால் இறங்கும். வண்ண மானிட்டர் இருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நம் ஆபீஸ்களில் பாதி மானிட்டர் ஒற்றை நிறம். சிவப்பும் நீலமும் ஒன்றுதான். குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மெக்னர் செய்த ஆட்டம் கஷ்டமானது, ஆனால் நேர்மையானது. பையன் சொன்ன மாதிரி, செத்தால் உன் தப்பு. நம் கைக்கு வந்த ஆட்டம் அநியாயமானது, ஏனென்றால் விதிகள் வழியிலேயே தொலைந்துவிட்டன. இரண்டு கட்சியும் சரியாகத்தான் பேசின; அவர்கள் ஆடியது இரண்டு வேறு ஆட்டங்கள். பிள்ளைகள் மட்டும் எப்படி நேர்மையான ஆட்டத்தை ஆடினார்கள்? அவர்களுக்குக் கையேடு இருந்தது. கோடு போட்ட நோட்டு! லேப்பில் ஒருவன் கண்டுபிடித்த கீ, இடைவேளைக்குள் இருபது பேருக்குத் தெரிந்துவிடும். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாது என்று ஜூனியரிடம் எப்படிச் சொல்வது?

நிழலோடு சண்டை

இந்த ஆட்டத்தில் இரண்டு இடங்களைச் சொல்லாமல் போக முடியாது.

நாலாவது லெவலில் வாசல் திறந்த பிறகு வழியில் ஒரு கண்ணாடி முளைக்கும். ஓடிவந்து அதற்குள் தாவ வேண்டும். தாவினால் உயிர் ஒன்றாகக் குறைந்து, இளவரசனின் நிழல் எதிர்ப்பக்கம் குதித்து ஓடும். அதற்கப்புறம் அந்த நிழல் ஐந்தாவது லெவலில் மருந்தைக் குடித்துவிட்டுப் போகும். ஆறாவதில் நீங்கள் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடிவிடும், தலைகுப்புற விழுவீர்கள். இந்த ஆறாவது லெவல்தான் பிள்ளைகளே அநியாயம் என்று சொன்ன ஒரே இடம். ஆனால் விழுந்து பாருங்கள், ஏழாவது லெவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது! விழுவதே வழி. இது புரியாமல் அந்தத் தாவலை எப்படியாவது தாவிவிட மணிக்கணக்கில் கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள்.

கடைசியில் 12-வது லெவலில் நிழல் வாளோடு எதிரே நிற்கும். நீங்கள் அதைக் குத்தினால் உங்களுக்கும் உயிர் குறையும். கொன்றால் நீங்களும் சாவீர்கள். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாளை உறையில் போடுவது. அதுவும் போடும். பிறகு ஓடிப்போய் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும். அதுவரை எதிரியைக் கண்டால் வாளை உருவப் பழக்கிய ஆட்டம், கடைசியில் கீழே போடு என்கிறது. எங்கள் கூட்டத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவர் திறமைசாலி இல்லை. கை வலிக்கிறது என்று வாளை உறையில் போட்டவர். நிழலும் வாளை இறக்கியதைப் பார்த்து அறையே கத்தியது.

இந்த நிழல் பிறந்த கதை இன்னும் நன்றாக இருக்கும். மெக்னரின் முதல் திட்டத்தில் சண்டையே இல்லை. கூட வேலை பார்த்த தோழி டோமி பியர்ஸ், சண்டை வேண்டும், எதிரி வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிள் 2-வின் நினைவகத்தில் இன்னொரு ஆளின் படங்களுக்கு இடமே மிச்சம் இல்லை. சரி, இருக்கிற இளவரசனின் படத்தையே எடுத்து, பிட் கணக்கில் கொஞ்சம் நகர்த்தி அதன் மேலேயே கலந்தால், மினுமினுக்கும் ஒரு பேய் உருவம் வந்தது. இடம் இல்லாத குறையிலிருந்து ஆட்டத்தின் ஆத்மா பிறந்தது. பிற்பாடு காவலாளிகளுக்கும் எப்படியோ இடம் கண்டுபிடித்தார். அந்த நாட்களின் டைரியைப் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறார். தொழிலில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது. 2012-ல் அவர் அப்பா வீட்டுப் பெட்டி ஒன்றில் ஆப்பிள் 2 மூல நிரல் இருந்த டிஸ்குகள் கிடைத்தன. மீட்டெடுத்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்.

கஷ்டத்தைக் குறைத்த கதை

அடுத்த முப்பது வருஷமும் இந்த ஆட்டத்தின் வாரிசுகள் நம் ஏ.சி. ரூம் பட்டிமன்றத்தைத்தான் தொடர்ந்தார்கள். 1992-ல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த பதிப்பில் லெவல்கள் 20 ஆயின, நேரம் 120 நிமிஷம். 2003-ல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஒரு மந்திரக் கட்டாரியைக் கொடுத்தது. தப்பாகத் தாவினால் காலத்தைப் பின்னால் ஓட்டி, மறுபடி தாவலாம். போன நிமிஷம் திரும்பாது என்ற முதல் விதியையே உடைத்தார்கள். ஆனால் கட்டாரியில் மணல் இருக்கும் வரைதான். பெரும்பாலோர் கொண்டாடினார்கள். 2008-ல் வந்த ஆட்டத்தில் ஒரு படி மேலே போய், விழும்போதெல்லாம் எலிகா என்ற பெண் கைபிடித்துத் தூக்கிவிட்டாள். இளவரசன் சாகவே மாட்டான். இப்போது மறுபக்கத்திலிருந்து கூச்சல்: இது என்ன ஆட்டம், விழுந்தால் வலிக்கவே இல்லையே!

2024 ஜனவரியில் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்' வேறு விடை சொன்னது. ஆட்டம் கஷ்டம்தான், குறைக்கவில்லை. ஆனால் வழியில் புரியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்தில் குத்தி வைத்துக்கொள்ளலாம். எங்கே போக வேண்டும் என்று காட்டச் சொல்லலாம். தாவ முடியாத இடத்தைக் கடக்க உதவி கேட்கலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். ஃபார்சி மொழியிலேயே வசனம் கேட்டும் ஆடலாம். 1837 வரை ஆங்கில ஆட்சிக் கச்சேரிகளில் ஃபார்சி நடந்த ஊரில், 1739-ல் நாதிர் ஷா என்ற நிஜப் பாரசீகன் வந்து மயிலாசனத்தைத் தூக்கிப் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பது தனி அனுபவம்.

படம் பிடித்து வரைபடத்தில் குத்தி வைப்பது என்றேனே, அது வேறொன்றும் இல்லை. ஆர்.கே.புரம் பையன்களின் கோடு போட்ட நோட்டு. அதை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

மெக்னரின் அப்பா ஃபிரான்சிஸ் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி, சின்னப் பையனாக நாடு விட்டு நாடு போய் அமெரிக்கா சேர்ந்த யூதக் குடும்பம். அந்தக் கதையை மெக்னர் 'ரீப்ளே' என்ற படக்கதைப் புத்தகமாக வரைந்திருக்கிறார். நம்முடையது அந்த அளவு பயங்கரம் இல்லை. நாம் வேலைக்காக ரயிலேறியவர்கள். ஆனாலும் கையேடு இல்லாமல் ஒரு ஊரில் இறங்குவது என்றால் என்ன என்று நமக்கும் தெரியும். ரேஷன் கார்டுக்கு எந்த ஜன்னல், டி.டி.சி. பஸ்ஸில் எந்தக் கதவு, வீட்டுக்காரரிடம் எந்த வார்த்தை, பிள்ளைக்கு நர்சரி அட்மிஷனுக்கு எந்த மாதம் வரிசையில் நிற்க வேண்டும். எதுவும் கஷ்டமான காரியம் இல்லை. ஒருத்தர் சொல்லிக் கொடுக்காதவரை எல்லாம் முள்.

இப்போது பிள்ளைகள் விஷயத்தில் நம் வீடுகளில் இதே இரண்டு கட்சிதான். நாங்கள் பட்ட கஷ்டத்தை அவர்களும் பட்டால்தான் உருப்படுவார்கள் என்று அப்பா. விழவே விடாமல் எலிகா மாதிரி கைபிடித்துத் தூக்குகிற அம்மா. (சில வீடுகளில் இது மாறியும் இருக்கும், சண்டைக்கு வராதீர்கள்.) இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது இந்தப் பழைய ஆட்டம் எனக்குக் காட்டிய வழி. தாவுவது கஷ்டமாக இருக்கட்டும், அதைக் குறைக்க வேண்டாம். ஷிஃப்ட் கீ எது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் தடவித் தடவிக் கண்டுபிடித்தோம் என்பதற்காக அவர்களும் தடவ வேண்டியதில்லை. 60 நிமிஷம் அவர்களுக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் பிள்ளைகளோடு பழைய ஆட்டத்தை ஆடிப் பார்க்கிறவர்களுக்காக, கையேட்டுக்குப் பதிலாக மூன்று வரி. விளிம்பில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். நீலக் குமிழி விஷம். மூன்றாவது லெவல் வந்ததும் கண்ட்ரோலும் ஜி-யும்.

நிழலை என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.